பால் திரியும் முன்னே...

சென்ற சித்திரையில் என் நண்பருடைய மகள், ஒயிட்ஃபீல்டு பக்கம் வாங்கிய புது வீட்டில் பால் காய்ச்சினாள். விடியற்காலை நாலரை மணிக்கு முகூர்த்தம். அந்த நேரத்தில் கடை திறந்திருக்குமோ என்னவோ என்று, முதல் நாள் மாலையே பால் பாக்கெட்டுகளை வாங்கிப் பூசைச் சாமான்களோடு ஒரே பையில் வைத்துவிட்டார்கள். புது வீட்டுக்குக் குளிர்சாதனப் பெட்டி இன்னும் வந்து சேரவில்லை.

கோலமிட்டு, விளக்கேற்றி, மஞ்சள் பூசிய பாத்திரத்தை அடுப்பில் ஏற்றினார்கள். எல்லோரும் பால் பொங்குவதைப் பார்க்கச் சூழ்ந்து நின்றோம். பால் பொங்கவில்லை. சூடேறியதும் வெள்ளைத் திப்பிகளாகப் பிரிந்து, பச்சை கலந்த நீர் தனியே தெளிந்தது. மாமியாரின் முகம் வாடிவிட்டது. யாரும் வாய் திறக்கவில்லை. எதிர் வீட்டுக் கன்னடத்து அம்மாள் சத்தமில்லாமல் போய், தன் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து ஒரு பாக்கெட் பால் எடுத்து வந்து "தகொள்ளி" என்று நீட்டினார். அந்தப் பால் நன்றாகப் பொங்கி வழிந்தது. வீட்டில் சிரிப்பு திரும்பியது.

காப்பி குடிக்கும்போது அந்தப் பெண் என்னிடம் கேட்டாள்: "மாமா, நீங்க பால் வேலையிலேயே இருந்தவர். நான் பாக்கெட்டை வெட்டினதும் மோந்து பார்த்தேன், நல்லாத்தான் இருந்துச்சு. அடுப்புல ஏத்தறதுக்கு முன்னாலயே கண்டுபிடிக்க வழி இல்லையா?"

வழி உண்டு, ஒன்றல்ல, பல உண்டு. பால் கொள்முதல் நிலையங்களிலும் ஆய்வுக்கூடங்களிலும் 35 ஆண்டுகள் கழித்தவன் என்ற முறையில், அவளுக்குச் சொன்னதையும் அன்று சொல்லாமல் விட்ட ஒன்றையும் நம் சங்க அன்பர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

புளிப்பு எங்கிருந்து வருகிறது?

பாலில் லாக்டோஸ் என்னும் சர்க்கரை இருக்கிறது. மடியிலிருந்தும், கறப்பவர் கையிலிருந்தும், பாத்திரத்திலிருந்தும் பாலில் சேரும் நுண்ணுயிர்கள் இந்தச் சர்க்கரையை உண்டு லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகின்றன. நல்ல பாலும் பாத்திரத்தின் குற்றத்தால் கெட்டுவிடுவதை வள்ளுவர் 'பண்புடைமை' அதிகாரத்தில் உவமையாக எடுத்தாண்டிருப்பது நாம் அறிந்ததே. புளித்த பாலிலிருந்து இந்த அமிலத்தை முதன்முதலில் பிரித்துக் காட்டியவர் சுவீடன் நாட்டு வேதியியலார் ஷீலே, ஆண்டு 1780.

பாலின் வெண்மைக்குப் பெரிய காரணம் கேசீன் என்னும் புரதம். அது கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய உருண்டைகளாகப் பாலில் மிதக்கிறது. எல்லா உருண்டைகளின் மேலும் ஒரே வகை மின்சுமை இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு விலகியே நிற்கின்றன. அமிலம் கூடக் கூட அந்தச் சுமை குறைகிறது. தள்ளும் வலிமை போய்விட்டால் உருண்டைகள் ஒட்டிக்கொள்கின்றன. நாம் உறைமோர் ஊற்றித் தயிராக்கும்போது நடப்பதும் இதுதான்.

அமிலத்தின் அளவைப் பி.எச். என்ற எண்ணால் சொல்வார்கள். கோபன்ஹேகன் நகரில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய சோரன்சன் 1909இல் வகுத்த அளவுகோல் இது. 7 என்பது நடுநிலை. அதற்குக் கீழே இறங்க இறங்க அமிலம் கூடுகிறது. ஓர் எண் இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு. நல்ல பசும்பாலின் பி.எச். 6.6 முதல் 6.8 வரை இருக்கும். சுமார் 4.6க்கு வந்ததும் பால் சூடில்லாமலே உறைந்துவிடுகிறது. ஆனால் சூடேற்றினால் அவ்வளவு தூரம் இறங்க வேண்டியதில்லை. லேசான புளிப்பும் அடுப்பின் வெப்பமும் கைகோத்துக்கொண்டு பாலை முறித்துவிடும். அதனால்தான் அந்தப் பெண்ணின் மூக்குக்கு எட்டாத புளிப்பு அடுப்பில் வெளிப்பட்டது. பாக்கெட் பால் பாஸ்டர் முறையில் சூடுபடுத்தப்பட்டதுதான். ஆனால் அதில் எல்லா நுண்ணுயிர்களும் மாண்டுவிடுவதில்லை. சித்திரை மாதத்து இரவு முழுவதும் பையில் கிடந்தால் மிஞ்சியவை பெருகத்தானே செய்யும்? இதில் சகுனம் எதுவுமில்லை.

நான் திருப்பி அனுப்பிய பால்

பெங்களூருக்கும் பால் அறிவியலுக்கும் உள்ள உறவு பழையது. 1923இல் அன்றைய அரசு, கால்நடை வளர்ப்புக்கும் பால்பண்ணைத் தொழிலுக்குமான இம்பீரியல் நிறுவனத்தை இங்கேதான் தொடங்கியது. உடல்நலம் தேற 1927இல் பெங்களூரில் தங்கியிருந்த காந்தியடிகள் அங்கே சென்று கால்நடை பராமரிப்பைப் பற்றிக் கேட்டறிந்தார். 'அமுல்' புகழ் வர்கீஸ் குரியன் அமெரிக்கா செல்லுமுன் பயிற்சிக்கு வந்ததும் அங்கேதான். பிற்காலத்தில் தேசியப் பால்பண்ணை ஆய்வு நிறுவனம் என்று பெயர் மாறி, 1955இல் தலைமையகம் ஹரியானாவின் கர்னாலுக்குப் போனது. ஆடுகோடியில் இருப்பது இப்போது அதன் தென்மண்டல நிலையம். அதற்கு அருகிலுள்ள நாற்சந்திக்கு டெய்ரி சர்க்கிள் என்றே பெயர். வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் நாள்தோறும் அதைக் கடந்துதான் போகிறார்கள்.

இத்தகைய ஊருக்கு நான் பிழைப்புத் தேடி வந்து சேர்ந்தேன். 1981இல் எனக்கு வயது 23. எல்லைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பால் கொள்முதல் நிலையத்தில் சோதனை செய்யும் வேலை. காலையிலும் மாலையிலும் ஊர்ப் பெண்கள் தூக்கிலும் கேனிலும் பால் கொண்டுவந்து வரிசையில் நிற்பார்கள். நான் மூடியைத் திறந்து மோந்து பார்ப்பேன். சந்தேகம் வந்தால் ஸ்பிரிட் சோதனை. சோதனைக் குழாயில் 5 மில்லி பாலும், அதே அளவு 68 சதவீத ஆல்கஹாலும் ஊற்றி ஒரு குலுக்குக் குலுக்கினால் போதும். குழாயின் சுவரில் திப்பி ஒட்டினால் பால் கெட்டது, ஒட்டாவிட்டால் நல்லது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

ஒரு மாலை, ஒற்றை மாடு வைத்திருந்த ஓர் அம்மாளின் பாலில் திப்பி தெரிந்தது. "கெட்டுப்போச்சு, எடுத்துட்டுப் போங்க" என்றேன். "அண்ணா, நன்ன ஹாலு கெட்டில்லா" என்றார் அவர். இப்போதுதான் கறந்தேன், மாட்டுக்கொட்டிலிலிருந்து நேரே வருகிறேன் என்று கன்னடத்தில் மன்றாடினார். நான் குழாயை உயர்த்திக் காட்டினேன். அவருக்கு அதில் என்ன புரியும்? வரிசையில் நின்றவர்கள் அவரைப் பார்த்த பார்வைதான் அவருக்குப் புரிந்தது. தண்ணீரோ வேறு எதுவோ கலந்தவர் என்ற பெயரோடு அவர் திரும்பிப் போனார். மறுநாளும் அதே திப்பி, அதே பதில். மூன்றாம் நாள் அவர் வரவில்லை.

அந்த வாரம் ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு மூத்தவர் வந்திருந்தார். பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். "மாடு கன்று போட்டு எத்தனை மாசம்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. விசாரித்தால், பால் வற்றும் கட்டத்தில் இருந்த மாடு அது. "ஸ்பிரிட் புளிப்பை மட்டும் காட்டறதில்லை, தம்பி. கன்று போட்ட புதுசிலயும், வத்தப்போற சமயத்திலயும் பால்ல உப்புச் சத்தெல்லாம் நிலை மாறும். புளிக்காத பாலும் திப்பி காட்டும்" என்றார்.

அந்த அம்மாளின் வீட்டுக்கே போய்ப் பால் வாங்கிவந்து, அவர் கண்ணெதிரில் சோதித்தோம். 9 மில்லி பால். அதில் சில துளி பீனாப்தலீன் என்னும் நிறங்காட்டி. பியூரெட்டிலிருந்து சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைத் துளித்துளியாக விட வேண்டும். பாலிலுள்ள அமிலம் முழுவதும் ஈடாகும்வரை நிறம் மாறாது. ஈடானதும் அடுத்த துளியில் மெல்லிய ரோஜா நிறம் தோன்றி நிலைத்து நிற்கும். செலவான கரைசலைக் கொண்டு அமிலத்தைக் கணக்கிடலாம். நல்ல பாலில் இது 0.13 முதல் 0.16 சதவீதம் வரை இருக்கும். அந்தப் பாலில் 0.13. பிறகு சிறிது பாலைக் கொதிக்கவும் வைத்தோம். திரியவில்லை.

அந்த அம்மாள் ரோஜா நிறத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம், இதை அன்றைக்கே எல்லோர் முன்னாலும் காட்டியிருக்கலாமே என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்றுவரை மறக்க முடியவில்லை. இரண்டு நாள் பாலின் காசை என்னால் என் சட்டைப் பையிலிருந்து கொடுக்க முடிந்தது. வரிசையில் போன மானத்தை எதிலிருந்து எடுத்துக் கொடுப்பது?

எல்லா இடத்திலும் ஏன் இதைச் செய்வதில்லை?

நல்ல சோதனை கையிலிருக்கும்போது மூக்கையும் ஸ்பிரிட்டையும் ஏன் நம்பவேண்டும் என்று கேட்பீர்கள். வரிசையில் ஐம்பது பேர் நிற்கும்போது ஒவ்வொருவர் பாலுக்கும் துளித்துளியாகக் கரைசல் விட நேரம் கிடையாது. கரைசலும் காற்றுப்பட்டால் நாளடைவில் வலுக் குன்றும். தவிர, வெள்ளைப் பாலில் எந்த இடத்தில் ரோஜா நிறம் தொடங்குகிறது என்பதில் இருவர் கண்கள் ஒத்துப்போவதில்லை. இன்னொரு சங்கடமும் உண்டு. புதிதாகக் கறந்த பாலிலுள்ள புரதமும் பாஸ்பேட் உப்புகளும்கூட அந்தக் கரைசலைக் கொஞ்சம் செலவழிக்கும். ஆகவே சத்து மிகுந்த, புளிக்காத பாலில் எண் சற்றுக் கூடுதலாக வரலாம். அந்த நேரத்தில் பி.எச். பார்த்தால்தான் உண்மை தெரியும்.

பி.எச். பார்க்கும் மின்கருவியும் இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் எலுமிச்சைச் சாற்றின் புளிப்பை அளக்க 1934இல் ஆர்னால்ட் பெக்மன் செய்த கருவியின் வாரிசுகள் எல்லா ஆய்வுக்கூடங்களிலும் இருக்கின்றன. ஆனால் அதன் நுனி மெல்லிய கண்ணாடிக் குமிழ். பாலில் முக்க முக்கக் கொழுப்பும் புரதமும் படிந்து மந்தமாகிவிடும். ஒவ்வொரு முறையும் கழுவி, அவ்வப்போது தெரிந்த கரைசலில் வைத்துச் சரிபார்க்க வேண்டும். கிராமத்துத் திண்ணையில் அது எத்தனை நாள் தாங்கும்?

ஒளியால் அளப்பது எப்படி?

இங்கேதான் ஒளி உணரி வருகிறது. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். இதன் அடிப்படை நம் வீட்டு ஆரத்தித் தட்டிலேயே இருக்கிறது. மஞ்சள் நீரில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கிறது அல்லவா? சுண்ணாம்பின் காரத்தன்மை மஞ்சளின் நிறத்தை மாற்றுகிறது. இப்படி அமிலத்துக்கும் காரத்துக்கும் நிறம் மாறும் பொருளைத்தான் நிறங்காட்டி என்கிறோம். மாறிய நிறத்தை மனிதக் கண்ணுக்குப் பதில் ஒரு கருவி பார்த்து எண்ணாகச் சொன்னால் அதுவே ஒளி உணரி.

பாலுக்கு எந்த நிறங்காட்டி பொருந்தும்? புரோமோகிரிசால் பர்ப்பிள் என்று ஒரு சாயம் உண்டு. பி.எச். 6.8 அளவில் அது ஊதா, 5.2க்கு இறங்கும்போது மஞ்சள். நல்ல பாலும் புளிக்கத் தொடங்கும் பாலும் இந்த எல்லைக்குள்தான் வருகின்றன. சாயத்தைப் பாலில் நேரே கலந்தால், பாலின் வெண்மை ஒளியைச் சிதறடித்துக் கணக்கைக் குழப்பும். ஆகவே சாயத்தை மெல்லிய படலத்திலோ தாளிலோ ஒட்டவைத்துப் பாலில் தோய்க்கிறார்கள். எல்.ஈ.டி. விளக்கொன்றின் ஒளி அந்தப் படலத்தில் பட்டுத் திரும்புகிறது. திரும்பிவரும் ஒளியில் எந்த நிறம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதை ஒளிமின் கருவி அளக்கிறது.

இந்த முறை மருத்துவத் துறையில்தான் முதலில் தலைகாட்டியது. உடலுக்குள் பி.எச். அறிய, அமெரிக்காவின் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் பீட்டர்சன், கோல்ட்ஸ்டீன் முதலியோர் 1980இல் ஒளியிழை நுனியில் பீனால் ரெட் என்ற சாயத்தை வைத்துக் கருவி செய்தார்கள். அதில் ஒரு நுட்பம் இருந்தது. பச்சை ஒளியின் அளவு பி.எச்.சுக்கு ஏற்ப மாறும். சிவப்பு ஒளி மாறாது. இரண்டையும் ஒப்பிட்டால் விளக்கு மங்கினாலும் கணக்குப் பிசகாது. பாலை அளக்கும் ஒளி உணரிகளுக்கும் இந்த ஒப்பீட்டு முறை கைகொடுக்கிறது.

நம் நாட்டில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஹைதராபாத் ஐ.ஐ.டி.யில் நடந்த ஆராய்ச்சி. பேராசிரியர் சிவ் கோவிந்த் சிங் தலைமையிலான குழு 2018இல் அதை வெளியிட்டது. நைலானை மின்புலத்தில் மிக நுண்ணிய இழைகளாக நூற்று, அதில் மூன்று சாயங்களை ஏற்றித் தாள்போல் ஆக்கினார்கள். அந்தத் தாளைப் பாலில் தோய்த்தால் புளிப்புக்கு ஏற்ப நிறம் மாறும். மாறிய நிறத்தைக் கைப்பேசியின் கேமரா படம் பிடிக்கும். அதில் எழுதியுள்ள நிரல் பி.எச். எந்த வரம்பில் இருக்கிறது என்று சொல்லிவிடும்.  பாலை வகைப்படுத்துவதில் 99.71 சதவீதம் சரியாக இருந்ததாக அவர்கள் அறிவித்தார்கள்.

இதைப் படித்தபோது அந்த எண்ணைவிட இன்னொன்றுதான் என் மனத்தைத் தொட்டது. தாள் பால்காரம்மா கையிலும் இருக்கலாம். கைப்பேசி அவர் மகன் சட்டைப் பையிலேயே இருக்கிறது. சோதிப்பவர் பார்ப்பதைப் பால் கொண்டுவந்தவரும் அதே கணத்தில் பார்க்கலாம். என் மூக்கு மோந்ததை வேறு எவரும் மோந்து சரிபார்க்க முடியாது. தாளின் நிறத்தை வரிசையில் நிற்கும் ஐம்பது பேரும் பார்க்கலாம்.

இது ஒன்றே போதுமா?

போதாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். புளிக்கத் தொடங்கிய பாலில் சமையல் சோடாவையோ காஸ்டிக் சோடாவையோ சேர்த்து அமிலத்தை மறைக்கும் மோசடி உண்டு. நம் நாட்டு உணவுச் சட்டத்தில் இதற்கு இடமில்லை. எனினும் அளந்து சேர்த்துவிட்டால் பி.எச். பழைய இடத்துக்கே வந்துவிடும். புளிப்பை மட்டும் பார்க்கும் உணரி ஏமாந்துபோகும். பெருகிய நுண்ணுயிர்களோ பாலிலேயே இருக்கும். அளவு மிஞ்சிப்போனால்தான் பி.எச். 6.8ஐத் தாண்டிக் காட்டிக்கொடுக்கும். அதனால் ஆய்வுக்கூடங்களில் ரோசாலிக் அமிலச் சோதனை தனியாக உண்டு. சோடா கலந்த பால் அதில் ரோஜாச் சிவப்பாகும். அதேபோல் தண்ணீர் கலப்பையும் கொழுப்பையும் அறிய வேறு சோதனைகள் வேண்டும். கருவி எவ்வளவு நல்லதானாலும், எந்தக் கேள்விக்கு அது பதில் சொல்கிறது என்று தெரிந்தே பயன்படுத்த வேண்டும். ஸ்பிரிட் குழாயிடம் அது சொல்லாத பதிலைக் கேட்டு வாங்கியதுதான் 1981இல் நான் செய்த பிழை.

வீட்டில் செய்து பார்க்க

நம் வீட்டுக் குழந்தைகளுக்கு விடுமுறை நாளில் ஒரு வேலை கொடுங்கள். பத்துப் பதினைந்து நீலச் சங்குப் பூக்களைச் சுடுநீரில் ஊறப்போட்டால் அழகான நீலச் சாறு கிடைக்கும். மூன்று வெள்ளைக் கிண்ணங்களில் அதைப் பிரித்து ஊற்றுங்கள். ஒன்றில் எலுமிச்சம்பழம் பிழிந்தால் ஊதாவாகி இளஞ்சிவப்பை நோக்கிப் போகும். இன்னொன்றில் சமையல் சோடா போட்டால் பச்சை சாயும். மூன்றாவதை ஒப்பிட வைத்துக்கொள்ளலாம். கைப்பேசியில் மூன்றையும் படமெடுத்து எது எந்த நிறம் என்று எழுதச் சொல்லுங்கள். பாலின் சிறு புளிப்பைக் கண்டுபிடிக்கச் சங்குப்பூ போதாது. ஆனால் ஒளி உணரி என்ன செய்கிறது என்பது பிள்ளைகளுக்கு விளங்கிவிடும்.

பெரியவர்களுக்கும் ஒரு வழி சொல்கிறேன். ஐயமான பாலில் இரண்டு கரண்டியை மட்டும் சிறு கிண்ணத்தில் எடுத்துத் தனியே கொதிக்க வையுங்கள். திரியாவிட்டால் மீதிப் பாலைத் தைரியமாக அடுப்பில் ஏற்றலாம். பால் பண்ணைகளில் பல காலமாகச் செய்துவரும் சோதனைதான் இது. முகூர்த்தப் பாலென்றால் முதல் நாளே வாங்கலாம், தவறில்லை. ஆனால் யார் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியிலாவது வைத்துவிட வேண்டும். எதிர் வீட்டுக்காரர்கள் இல்லையென்று சொல்லமாட்டார்கள் என்பதை அன்று கண்ணால் பார்த்தோம்.

இதையெல்லாம் காப்பி ஆறும்வரை கேட்டுக்கொண்டிருந்த அந்தப் பெண், தன் மாமியாரைக் கூப்பிட்டு, "அத்தை, ராத்திரி முழுக்கப் பையில கிடந்ததாலதான் திரிஞ்சுதாம்" என்றாள். அவர் என்னைப் பார்த்து, "நெசமாவா?" என்று கேட்டார். "நெசந்தாம்மா" என்றேன். "அதை அப்பவே சொல்லியிருக்கலாமே" என்றார் அவர். 1981இலும் இதையேதான் கேட்டேன்.